நடைப்பழம்

தின்றவர்களுக்குக் கால் நிற்காது என்று பிற்பாடு எல்லோரும் சொன்னார்கள். பெயரும் அப்படியே நடைப்பழம் என்று நிலைத்துவிட்டது. உண்மையில் கோளாறு காலில் இல்லை, மூக்கில். ஆனால் மூக்குப்பழம் என்று பேர் வைத்தால் எவன் வாங்குவான்?

குற்றாலத்தில் ஐந்தருவிக்குப் போகும் சாலையில் முப்பிடாதி பழக்கடை போட்டிருந்தாள். நாலு மூங்கில், மேலே நீலத் தார்ப்பாய், முன்னால் சரிவாக அடுக்கிய பலகைகள். சீசனில் மங்குஸ்தான், ரம்புட்டான், முட்டைப்பழம், பிள்ளை இல்லாதவர்கள் தலையைக் குனிந்துகொண்டு வாங்கிப்போகும் துரியன். அவள் புருஷன் மாசானம் மூட்டை இறக்குவான், கூட்டத்தைக் கூவிக் கூப்பிடுவான். மற்ற நேரமெல்லாம் சாலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பான்.

அந்தச் சாலைக் கடைக்காரர்களிடம் ஒரு முறை உண்டு. பேர் தெரியாத பழம் மலையிலிருந்து இறங்கினால் கடைக்காரர் முதலில் தின்று பார்க்க வேண்டும். தின்றவர்தான் விலை சொல்லலாம். வாயில் வைக்காமல் விற்றால் அந்தச் சீசன் முழுக்கச் சரக்கு அழுகும் என்பார்கள். முப்பிடாதியின் கடையில் அந்த வேலை மாசானத்துடையது. அவளுக்குப் பழமே ஒத்துக்கொள்ளாது. விற்கிற பழத்தை அவள் வாயில் வைப்பதில்லை என்பது சாலைக்கே தெரியும்.

சாரல் பிடித்துக்கொண்ட ஒரு நாள், மலையில் பழம் பொறுக்கி இறக்குபவன் கடைக்கு ஒன்றாக வைத்துவிட்டுப் போனான். ஒரு முஷ்டி அளவு. தோல் வெந்த செங்கல் நிறம், தொட்டால் பூனை நாக்கு மாதிரிச் சொரசொரப்பு. முப்பிடாதி கத்தியை வைத்து இரண்டாக அறுத்தாள். உள்ளே சாம்பலும் ஊதாவும் கலந்த சதை. கொட்டை இல்லை. மழை நின்றதும் தகரக் கூரையிலிருந்து எழும்புகிற மாதிரி ஒரு வாசனை.

ஒரு பாதியை மாசானத்திடம் நீட்டினாள். அவன் அதைக் கையில் ஏந்திக்கொண்டு கடைக்குப் பின்னால், வாய்க்கால் பக்கம் போனான். எப்போதும் அங்கே போய்த்தான் தின்பான். கூட்டத்துக்கு முன்னால் முகம் சுளித்துவிட்டால் வியாபாரம் கெடும் என்பது அவன் சொல்லும் காரணம். திரும்பி வந்து உதட்டைத் துடைத்தான்.

"எப்படி இருக்கு?"

"விக்கும்."

எந்தப் பழத்துக்கும் அவன் சொல்வது அந்த ஒரு வார்த்தைதான். அதற்குள் மதுரைக் கூட்டம் ஒன்று அருவியில் குளித்த தலையோடு கடையை மொய்த்தது. மறுபாதி ஈரத்துணிக்கு அடியில் கிடந்தது.

சாயங்காலம் கடையைக் கட்டும்போது முப்பிடாதி அதைப் பார்த்தாள். அறுத்த பழம் கறுத்திருக்க வேண்டும். கறுக்கவில்லை. மாசானம் மூட்டையோடு முன்னால் போய்விட்டான். அந்த வாசனை அவளைச் சும்மா விடவில்லை. வயிறு என்ன செய்தாலும் செய்யட்டும் என்று ஒரு கடி கடித்தாள்.

ஒன்றுமே இல்லை. ஈரப் பஞ்சை மெல்வது போலிருந்தது. மென்றபோது காதுக்குக் கீழே சுரீரென்று ஒரு புளிப்பு. துப்பிவிடலாம் என்று நினைத்து, துப்ப இடம் தேடி, தேடும்போதே விழுங்கிவிட்டாள். விழுங்கிய பிறகுதான் இனித்தது. நாக்கில் இல்லை, தொண்டைக்கும் பின்னால் எங்கோ. அந்த இனிப்பைப் பிடிக்க இன்னொரு வாய் கடித்தாள். மறுபடி பஞ்சு, புளிப்பு, விழுங்கிய பிறகு இனிப்பு. எத்தனை கடித்தாலும் இனிப்பு ஒரு வாய் தள்ளியே நின்றது. தோலைத் தவிர எல்லாம் தீர்ந்த பிறகு அவள் நின்றுகொண்டிருந்த இடத்திலேயே இரண்டு தடவை சுற்றித் திரும்பினாள். எதையோ கீழே போட்டுவிட்ட மாதிரி இருந்தது.

மறுநாள் அந்தப் பழம் சாக்குச் சாக்காக இறங்கியது. எல்லாக் கடையிலும் விற்றார்கள். முப்பிடாதியும் விற்றாள்.

குமட்டல் அன்றைக்கே தொடங்கிவிட்டது. சோறு கொதிக்கும் ஆவி பட்டதும் கொல்லைக்கு ஓடினாள். தலையணை உறை நாறியது. மகள் வடிவு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பதினேழு வருஷமாகத் தெரிந்த அந்தத் தலைமுடி வாசனை, செத்த எலி கிடப்பது போல மூக்கில் ஏறியது. இந்த வயதிலா என்று முப்பிடாதி முதலில் வெட்கப்பட்டாள். அதுவும் இல்லை என்று தெரிந்ததும் பயந்தாள். வாசலைத் தாண்டித் தெருமுனைக்குப் போனால் கொஞ்சம் தேவலை. பஸ் நிறுத்தத்துக்குப் போனால் இன்னும் தேவலை. ஒரு தடவை செங்கோட்டை பஸ்ஸில் ஏறிப் பார்த்தாள். அந்நியர்களின் வேர்வை நாற்றம் அவளுக்கு மல்லிகையாக இருந்தது. அடுத்த நிறுத்தத்தில் தன்னைத் தானே பிடித்து இழுத்து இறக்கினாள்.

அதற்குள் சாலையில் பேச்சு பரவியிருந்தது. எதிர்க்கடைப் பழவியாபாரி திறந்த கடையைத் திறந்தபடி போட்டுவிட்டுப் போய்விட்டார். லாட்ஜ் மேனேஜர் சாவியைக் கதவிலேயே விட்டுவிட்டுப் போனான். திருமணமாகி ஒரு மாதமான மாப்பிள்ளை ஒருவன், அருவிக்கு வந்த இடத்தில் பழம் தின்றவன், பெண்டாட்டியை வரிசையில் நிறுத்திவிட்டு மறைந்தான். 'அவன் என்ன செய்வான், பழம் இழுக்குது' என்று கடைத்தெரு முழுக்கச் சொன்னார்கள்.

ஒரு வாரம் போனது. மாசானம் காலையில் மீன்குழம்பை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டான். சட்டையை மாட்டினான். "சும்மா செங்கோட்டை வரைக்கும்" என்றான். அப்போது முப்பிடாதி கொல்லையில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். வெளியே வந்தபோது அவன் இல்லை.

அவள் கையால் அறுத்துக் கொடுத்த பழம். அதை அவள் தனக்குத் தானே ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்லிக்கொண்டாள் என்பதற்குக் கணக்கில்லை.

அரசாங்கம் ஆட்களை அனுப்பியது. முப்பிடாதியின் கடைக்கு வந்தவள் ஜெபசீலி என்ற தாவர ஆராய்ச்சியாளர். நாசரேத்துக்காரி, ஒல்லியான உடம்பு, தூங்காத கண்கள். பலகை ஓரத்தில் உட்கார்ந்து, முப்பிடாதி கேட்ட கேள்விக்கெல்லாம் மறைக்காமல் பதில் சொன்னாள்.

"மேல எஸ்டேட்ல ஒரு கம்பெனி சோதனைத் தோட்டம் போட்டிருந்தாங்கம்மா. வெட்டின காட்டைத் திரும்ப வளர்க்கிற திட்டம். வௌவால் பழத்தைத் தின்னுட்டு அடுத்த மரத்துலயே எச்சம் போடுது. காடு பரவ மாட்டேங்குது. தின்ன பிறகு பழகின இடம் பிடிக்காமப் போனா தூரமாப் போகும்ல? அதுக்காகச் செஞ்ச பழம்."

"வௌவாலுக்கா?"

"வௌவாலுக்கு."

"மனுசன் தின்பான்னு யோசிக்கலையா, டாக்டரம்மா?"

"யோசிச்சிருக்காங்க. வேலி போட்டிருக்காங்க."

முப்பிடாதிக்குச் சிரிப்பு வந்தது. குமட்டலும் வந்தது. சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள்.

"விதை தூள் மாதிரி இருக்கும், சதையோடவே கலந்து. துப்ப முடியாது. குடல் சுவத்துல ஒட்டிக்கிட்டு ஒரு மருந்தைக் கசிய விடும். பழகின வாசனை எல்லாம் அழுகின வாசனையாத் தெரியும். வீடு, பெண்டாட்டி, பிள்ளை, எது ரொம்பப் பழக்கமோ அதுதான் ரொம்ப நாறும். மூணு நாலு வாரத்துல விதை வெளியேறிரும், எல்லாம் சரியாயிரும்."

"சரியானா வந்துருவாவளா?"

ஜெபசீலி திருப்பிக் கேட்டாள். "ஒரு தடவை வாந்தி எடுத்த சாப்பாட்டை நீங்க மறுபடி தொடுவீங்களா? அந்த மாதிரி. மருந்து போயிரும், ஞாபகம் போகாது. கொஞ்சம் கொஞ்சமாத்தான் பழக்கணும். தூரத்துல நின்னு, நாளுக்கு நாள் கிட்ட வந்து." பிறகு கேட்டாள். "வீட்டுக்காரர் தின்னதைப் பார்த்தீங்களா?"

"நான்தான் அறுத்துக் குடுத்தேன்."

"நீங்க?"

தின்றவர்கள் கிடைத்தால் விதை வெளியேறும்வரை முகாமில் அடைத்து வைத்தார்கள். வடிவு வீட்டில் தனியாக இருக்க வேண்டியிருக்கும். அப்பனும் இல்லை.

"நான் பழமே தின்கிறதில்ல. யாருகிட்ட வேணும்னாலும் கேட்டுக்கிடுங்க."

சாலையில் எல்லோரும் அதையே சொன்னார்கள். ஜெபசீலி நம்பினாள். கிளம்பும்போது, "தின்னவங்க ஒருத்தர்கூட வீட்டுல நிக்கலம்மா. நாலாயிரம் பேர். ஒருத்தர்கூட. உங்க வீட்டுக்காரர் மேல கோபப்படாதீங்க" என்றாள்.

முப்பிடாதி நின்றாள். அதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை. மூக்கில் தைலத்தைப் பூசிப் பார்த்தாள், தைலமும் பழகின வாசனைதான். மூக்கில் பஞ்சை அடைத்தாள். வடிவு பேச வந்தால் எழுந்து போனாள். "ஏம்மா என்னப் பாத்தாலே மூஞ்சியத் திருப்புத? அப்பா போனதுக்கு நானா காரணம்?" என்று அந்தப் பெண் அழுதபோது, தூக்கி அணைத்துக்கொள்ள வேண்டிய நேரத்தில், முப்பிடாதி கதவைப் பிடித்துக்கொண்டு வாந்தியை விழுங்கினாள். கால்கள் ராத்திரியில் பாயைச் சுரண்டின. பகலில் பஸ் கண்டக்டர் ஊர்ப் பெயர்களைக் கூவுவது அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது போல் கேட்டது. போகவில்லை. ஏன் போகவில்லை என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. உலை வைக்க ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு நாள் காலையில் சோறு சோறாகவே மணத்தது. அவள் பானைக்கு முன்னால் உட்கார்ந்து வெறுஞ்சோற்றைக் கையால் அள்ளித் தின்றாள்.

தோட்டத்தைக் கொளுத்திவிட்டார்கள். மிச்சப் பழத்தைக் குழியில் புதைத்தார்கள். பிறகு ஓர் உத்தரவு வந்தது. நடைப்பழம் தின்று போனவர்கள்மேல் குற்றமில்லை. வேலையை விட்டு நீக்கக் கூடாது, வழக்குப் போடக் கூடாது, போலீஸ் இழுத்துவரக் கூடாது. ஆராய்ச்சிக்காரர்கள் எழுதிக் கொடுத்த ஒரே வரிதான் அதற்கு ஆதாரம்: தின்றவர் எவராலும் நிற்க முடியவில்லை.

அந்த வரியைப் படித்த நாளிலிருந்து முப்பிடாதி வாயைத் திறக்கவில்லை. திறந்தால் நாலாயிரம் பேருடைய தலையில் அது இடியாக விழும். மாசானத்தின் தலையிலும் விழும். ஒரு பக்கம் அவனைப் பலவீனன் என்று வைதாள். இன்னொரு பக்கம், ஒவ்வொரு உடம்பும் ஒரு மாதிரி, அவனுக்கு இன்னும் அதிகமாக நாறியிருக்கும் என்று அவனுக்காகத் தனக்குள் வாதாடினாள். அவனைத் திரும்பக் கொண்டுவந்துவிட வேண்டும். அறுத்துக் கொடுத்தது அவள் கை. அது ஒன்றுதான் அவளுக்குக் குறி.

உத்தரவு வந்ததும் ஊரில் பழம் தின்றவர்கள் திடீரென்று பெருகினார்கள். பழமே மண்ணுக்குள் போன பிறகும் தின்றார்கள். குமாஸ்தா போனான், கல்லூரிப் பையன் போனான், இரண்டாந்தாரம் கட்டியவன் மூன்றாந்தாரத்தைத் தேடிப் போனான். ஆண் போனால் "பாவம், பழம்" என்றார்கள். பெண் போனால், "எந்தப் பழம்னு எங்களுக்குத் தெரியாதா" என்றார்கள்.

மேலகரத்து உலகம்மை அப்படிப் போனவள். அவள் புருஷன் வேன் ஓட்டுபவன். குடித்தால் பெல்ட், குடிக்காவிட்டால் கை. பழம் தின்றுவிட்டேன் என்று பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு அவள் நாகர்கோவில் போய் ஒரு முந்திரி ஆலையில் சேர்ந்தாள். புருஷன் மனு போட்டான். பெண்டாட்டி பொய் சொல்கிறாள் என்று. அப்படிப்பட்ட மனுக்கள் குவியவும், தின்னாமலே போனவர்களைக் கண்டுபிடித்து வீட்டில் ஒப்படைக்க அரசாங்கம் விசாரணை வைத்தது.

சீசன் முடிந்து சாலை காலியாகக் கிடந்த ஒரு மத்தியானம் உலகம்மை கடைக்கு வந்தாள். முக்காடு போட்டிருந்தாள்.

"எக்கா, என்னை விசாரணைக்குக் கூப்பிட்டிருக்காவ."

"பயப்படாத. தின்னேன்னு சொல்லு."

"அது எல்லாரும் சொல்லுதாவளே. இப்போ புதுசா ஒண்ணு கண்டுபிடிச்சிருக்காவ. ஒரே கேள்விதான். பழம் எப்படி இருந்துச்சுன்னு. தின்னவங்க எல்லாரும் ஒரே மாதிரி சொல்லுதாவளாம், தின்னாதவன் வாய்க்கு வந்தத சொல்லுதானாம். எங்க ஆலைல ஒருத்தன், சுரண்டைக்காரன். பலாப்பழம் மாதிரி இருந்துச்சுன்னு சொல்லியிருக்கான். அன்னைக்கே ஜீப்புல ஏத்தி வீட்டுல கொண்டு விட்டுட்டாவ. வாரா வாரம் ஸ்டேஷன்ல கையெழுத்து. கெட்டிப்போட்ட மாடு மாதிரி வீட்டுத் திண்ணைல கெடக்கான்." குரல் தாழ்ந்தது. "நான் ஜீப்புல வந்து இறங்குனா அவன் என்னைக் கொன்னுருவான், எக்கா. நீ வித்தவ. தின்னவங்க யாராவது உன்கிட்ட ருசி சொல்லியிருப்பாவ. சொல்லு."

முப்பிடாதி அவளை நேராகப் பார்த்தாள். இந்தப் பெண் தின்னவில்லை. நல்லது.

"மொதல்ல ஒரு ருசியும் இருக்காது. பஞ்சு மாதிரி. சவைச்சா காதுக்குக் கீழ புளிக்கும். முழுங்குன பொறவுதான் இனிக்கும்."

"அப்புறம்?"

"அப்புறம் அடுத்த வாய் கடிப்ப. அதுவும் அப்படித்தான். இனிப்பு வாயில நிக்கவே நிக்காது. கொட்டை எங்கன்னு கேட்டா, தெரியலன்னு சொல்லு. பாக்க முடியாது."

உலகம்மை உதட்டை அசைத்து இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். பிறகு, "யாருக்கா சொன்னா? தின்னுப் பாத்த மாதிரில்ல சொல்லுத" என்றாள்.

"ஒரு மதுரைக்காரி. பஸ்ஸுக்கு நேரமாகுது, கெளம்பு."

விசாரணையில் உலகம்மை அதையே சொன்னாள், விட்டுவிட்டார்கள். ஜீப் வரவில்லை.

அடுத்த மாதம் மாசானத்தைப் பற்றித் தகவல் வந்தது. தென்காசிச் சந்தைக்கு மீன் கொண்டுவரும் வேன்காரர் அவனை வேம்பாரில் பார்த்திருந்தார். ஐஸ் கம்பெனியில் கட்டி உடைக்கிறானாம். கூட யாரும் இல்லையாம். அந்தக் கடைசி வாக்கியத்தை முப்பிடாதி கேட்காமலே அவர் சொன்னார்.

அவள் புதுச்சேலை ஒன்று எடுத்தாள். வீட்டுப் பெட்டியில் வைக்கவில்லை, துணிக்கடையிலிருந்தே உடுத்திக்கொண்டு கிளம்பினாள். தலைக்கு எண்ணெய் வைக்கவில்லை. எப்போதும் போடும் சோப்பைப் போடவில்லை. வீட்டு வாசனை ஒரு பொட்டுகூடத் தன்மேல் இருக்கக் கூடாது. அவன் மூஞ்சியைச் சுளித்தால் அவளால் தாங்க முடியாது. அந்தச் சுளிப்புக்கு உள்ளே எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

திருநெல்வேலி, தூத்துக்குடி, அங்கிருந்து கடற்கரைச் சாலையில் வேம்பார். பனைகள், பிறகு உப்பு, பிறகு பனைகள். பஸ் முழுக்க அவள் சேலை முந்தியைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக வந்தாள். சொல்ல வேண்டியதைத் தயார் செய்தாள். இத்தனை நாள் ஒருவரிடமும் சொல்லாததை அவனிடம் சொல்லிவிட வேண்டும். நானும் தின்றேன், எனக்குத் தெரியும், உங்கமேல தப்பில்ல. உலகத்தில் அவளோடு அதைப் பேசக்கூடிய ஒரே மனுஷன் அவன்.

ஐஸ் கம்பெனி வாசலில் அவன் தெரிந்ததும் அவள் டாக்டரம்மா சொன்ன மாதிரி தூரத்திலேயே நின்றாள். காற்று எந்தப் பக்கம் என்று பார்த்து, தன் வாசனை அவன்மேல் போகாத பக்கமாக ஒதுங்கினாள். மாசானம் நிமிர்ந்து பார்த்தான். கையிலிருந்த கொக்கியைக் கீழே வைத்தான். நேரே நடந்து வந்து அவளுக்கு முன்னால் ஒரு கை தூரத்தில் நின்றான்.

"முப்பிடாதி. வா. வெயில்ல ஏன் நிக்க?"

கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனான். ஐஸ் கம்பெனிக்குப் பக்கத்தில் ஓலைத் தட்டி வைத்த டீக்கடை. பெஞ்சில் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்தான். தோள் தோளில் பட்டது. கறுத்திருந்தான், கை காய்த்திருந்தது. முகம் நன்றாக இருந்தது. அத்தனை வருஷத்தில் அவள் பார்க்காத முகம். எதையும் எதிர்பார்த்துக்கொண்டிருக்காத முகம்.

"கொமட்டலையா உங்களுக்கு?"

"என்னது?"

"என் வாசனை."

"அது... அதெல்லாம் இப்ப இல்ல." டீ கிளாஸை அவள் பக்கம் நகர்த்தினான். "வடிவு எப்படி இருக்கா?"

"காலேஜுல சேத்திருக்கேன். தென்காசிலயே."

"நல்லது."

அவளுக்குள் ஏதோ லேசாகிவிட்டது. குமட்டவில்லை என்றால் வந்துவிடுவான். இன்றைக்கே வந்துவிடுவான். பஸ்ஸில் கோத்து வைத்த வாக்கியம் நாக்கு நுனியில் நின்றது.

"அடுத்த வாரம் தூத்துக்குடில விசாரணையாம்" என்றான் அவன். "எனக்கும் வந்திருக்கு. நீ எதுவும் எழுதிப் போட்டியா?"

"நான் எதுக்கு எழுதப்போறேன்?"

"சும்மா கேட்டேன். வந்தா வரட்டும். என்னத்த கேப்பாவ? தின்னேன், இழுத்துச்சு, வந்தேன்."

"ஆமா" என்றாள். அவன் பக்கம் திரும்பினாள். இங்கிருந்து தொடங்கலாம் என்று தோன்றியது. அவன் சொல்லட்டும், பிறகு நான் சொல்லலாம். "எப்படி இருந்துச்சு? அந்தப் பழம். நீங்க அன்னைக்கு ஒண்ணுமே சொல்லலையே."

மாசானம் கடல் பக்கம் பார்த்தான். "என்ன சொல்ல? வாயில வச்ச உடனே தேனு. அப்படியே சொக்கிப்போச்சு. கொட்டையத் துப்புறதுக்குள்ள தலை கிறுகிறுன்னு வந்துட்டு. பொறவு கால் நிக்கல பாத்துக்க."

டீக்கடைக்காரர் கிளாஸ்களைத் தண்ணீரில் முக்கும் சத்தம் கேட்டது. முப்பிடாதி தன் கிளாஸைக் கீழே வைத்தாள்.

"வாய்க்கால்ல போட்டுட்டிய."

"எத?"

"உங்க பாதிய. பின்னால வாய்க்கால்ல போட்டுட்டு வாயத் தொடச்சுக்கிட்டு வந்தியளே."

மாசானம் மூக்கை உறிஞ்சினான்.

"பேர் தெரியாத பழத்த எவன் தின்பான்? விஷமா இருந்தா? எனக்கு எப்பவும் பயம்."

"எப்பவுமா?"

"ஒண்ணுகூடத் தின்னதில்ல. எல்லாம் வாய்க்கால்தான்."

இத்தனை வருஷம் 'விக்கும், விக்கும்' என்று சொன்னது அத்தனையும் வாய்க்கால் மீனுக்குப் போட்ட பழத்துக்கு. முப்பிடாதிக்கு உண்மையிலேயே சிரிப்பு வந்துவிட்டது. டீக்கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். சிரிப்பு முடிந்ததும் கேட்டாள்.

"அப்போ ஏன் போனிய?"

"தெரியல." நிஜமாகவே யோசித்தான். "நானும் ரோட்டையே பாத்துக்கிட்டு எத்தன வருசமா உக்காந்திருந்தேன்? போறவனெல்லாம் போறான். ஒருத்தனையும் யாரும் ஏசல. பாவம்னு சொல்லுதான். இப்பப் போனா என்னையும் ஒருத்தனும் கேக்கமாட்டான்னு தோணிச்சு. எந்திரிச்சேன். அவ்வளவுதான்."

"என்கிட்ட என்ன கொறை?"

"ஒண்ணும் இல்ல, முப்பிடாதி. கொறைன்னு ஒண்ணு இருந்தா சொல்லிட்டுப் போயிருப்பேன்லா."

அது பொய் இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது. பொய்யாக இருந்திருந்தால் வசதியாக இருந்திருக்கும். அவள் கொல்லையில் வாந்தி எடுத்த நாட்கள், மகள் வாசனைக்கு மூச்சைப் பிடித்துக்கொண்ட நாட்கள் எல்லாம் வரிசையாக வந்தன. அந்த நாட்களில் இவன் இங்கே ஐஸ் உடைத்துக்கொண்டு நன்றாகத் தூங்கியிருக்கிறான்.

அடுத்த வாரம் தூத்துக்குடியில் இவன் தேன் என்று சொல்வான். கொட்டையைத் துப்பினேன் என்பான். அன்றைக்கே ஜீப்பில் ஏற்றுவார்கள். வீட்டு வாசலில் கொண்டுவந்து இறக்குவார்கள். அவள் ஒன்றும் செய்ய வேண்டாம். எழுந்து, பஸ் ஏறி, வீட்டுக்குப் போய், உலை வைத்துக் காத்திருந்தால் போதும். புருஷன் திரும்பி வந்துவிடுவான். வாரா வாரம் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து, கடை ஓரத்தில் உட்கார்ந்து சாலையைப் பார்ப்பான். சாகும்வரை பார்ப்பான். அவள் அவன் முதுகைப் பார்ப்பாள்.

அவள் எழுந்தாள். புதுச்சேலையின் கொசுவத்தைச் சரிசெய்தாள்.

"அங்க தேனுன்னு சொல்லாதிய."

"ஏன்?"

"மொதல்ல ஒரு ருசியும் இருக்காதுன்னு சொல்லுங்க. பஞ்சு மாதிரி. பொறவு காதுக்குக் கீழ புளிக்கும். முழுங்குன பொறவுதான் இனிக்கும். கொட்டை கண்ணுக்கே தெரியாது. துப்பினேன்னு மட்டும் சொல்லிராதிய. இத இப்படியே சொன்னா விட்டுருவாவ."

மாசானம் அவளை அண்ணாந்து பார்த்தான். முகத்தில் மெதுவாக ஏதோ ஏறியது. "உனக்கு எப்படித் தெரியும்? நீதான் பழமே..."

அவன் வாய் பாதி திறந்தபடி நின்றது. நாலாயிரம் பேர், ஒருவரால்கூட நிற்க முடியவில்லை என்று அவனும் கேள்விப்பட்டிருப்பான். அவன் கணக்குப் போட்டு முடிக்கும்வரை நிற்க அவளுக்கு விருப்பமில்லை.

"முப்பிடாதி. நான் வாரேன். சட்டைய மாத்திட்டு..."

"வேண்டாம்."

"வடிவுகிட்ட என்ன சொல்லுவ?"

"பழம்னே சொல்லிக்கிடுதேன்."

தூத்துக்குடி பஸ்ஸுக்கு இன்னும் நேரம் கிடந்தது. நிறுத்தத்தில் உட்காரக் கல் இருந்தது, நிழலும் இருந்தது. அவளால் உட்கார முடியவில்லை. உப்புக்காற்று முகத்தில் அடிக்க, அடுத்த நிறுத்தத்தை நோக்கி நடக்கத் தொடங்கினாள்.